விண்மீன்களுக்குக் கணக்கெழுதியவர்கள்

மாரிகுப்பத்தில் இருப்புப்பாதை முடிந்துவிடுகிறது. பங்காருப்பேட்டையில் முதன்மைத் தடத்திலிருந்து பிரிந்துவரும் கிளைப் பாதைக்கு இதுவே கடைசி நிலையம். விடியலுக்கு முன்னரே இங்கு நடைமேடையில் கூட்டம் சேர்ந்துவிடும். பெங்களூரில் வேலை, கோலார் தங்கவயலில் வீடு என்று வாழும் பல்லாயிரம் பேரில் ஒரு பகுதியினர் அவர்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டதிலிருந்து இந்த ஊரின் பிழைப்பு பெரும்பாலும் இரயிலேறித்தான் வருகிறது. இருளில் நிற்கும் அந்தக் கூட்டத்தில் சாப்பாட்டுப் பையைப் பார்ப்பவர் உண்டு, கைப்பேசியைப் பார்ப்பவர் உண்டு. தலையை உயர்த்தி வானத்தைப் பார்ப்பவர் அரிது.

அப்படிப் பார்ப்பவர் ஒருவரை நாம் சந்தித்தது நடைமேடையில் அன்று, வங்கியின் கவுண்டரில். நவம்பர் மாதம் ஆயுள் சான்று கொடுக்க வந்திருந்தார் அந்தப் பெரியவர். இளமை முழுவதையும் சுரங்கத்தின் அடியில் கழித்தவர். வரிசை நீளமாக இருந்தது. அமர்த்திவைத்துப் பேச்சுக் கொடுத்தோம். இரவு ஷிஃப்டு முடிந்து கூண்டில் மேலேறி வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று பொழுதுபோக்காகத்தான் கேட்டோம். “வானத்தைத்தான் சார். நேத்து இருந்ததெல்லாம் இன்னைக்கும் இருக்குதான்னு ஒரு பார்வை” என்றார்.

நேற்று இருந்தது இன்றும் இருக்கிறதா என்பது வங்கிக்காரர்களின் கேள்வி. ஒவ்வொரு மாலையும் பெட்டகத்தைப் பூட்டுமுன் நாம் கேட்பதும் அதுவே. விண்மீன்களைப் பொறுத்தவரை இதே கேள்வியை நூற்றாண்டுக் கணக்காக இரவுதோறும் கேட்டு, விடையைத் தேதியிட்டு எழுதிவைத்து வருபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் வானியல் படித்தவர்கள் அல்லர். வழக்கறிஞர், மளிகைக்கடைப் பணியாளர், நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர், ஏன், கருவூலத்தில் நாணயம் சோதித்த நம் இனத்தவர் ஒருவரும் அந்தப் பட்டியலில் உண்டு. அவரிடம் வருமுன் அவர்கள் எழுதும் கணக்கு எத்தகையது என்று பார்த்துவிடுவோம்.

விண்மீன்கள் எல்லாம் ஒரே அளவாய் ஒளிர்பவை அல்ல. சிலவற்றின் ஒளி கூடும், குறையும். இவற்றை ஒளிமாறும் விண்மீன்கள் என்கிறோம். திமிங்கில விண்மீன் குழுவில் ‘மீரா’ என்றொரு விண்மீன் இருக்கிறது. 1596இல் டேவிட் ஃபேப்ரிசியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் அதைப் பார்த்தார்; சில வாரங்களில் அது கண்ணுக்கு மறைந்துபோயிற்று. ஏறத்தாழ 332 நாட்களுக்கு ஒருமுறை அது ஒளிர்ந்து மங்குகிறது என்பது பின்னர் விளங்கியது. பெர்சியஸ் குழுவிலுள்ள ‘அல்கோல்’ இரண்டு நாள் இருபது மணி 49 நிமிடங்களுக்கு ஒருமுறை தவறாமல் மங்குகிறது. அதன் காலத்தை 1782-83இல் கணித்தவர் இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக். பதினெட்டு வயது; காது கேளாதவர். ஒரு விண்மீனை இன்னொன்று சுற்றிவந்து மறைப்பதனால் இது நிகழலாம் என்று அவர் ஊகித்தார். ஒரு நூற்றாண்டு கழித்து அந்த ஊகம் மெய்ப்பட்டபோது அவர் இல்லை. 21 வயதிலேயே இறந்துபோனார்.

ஒளியை அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? பழங்கால கிரேக்கர் மிக ஒளியுள்ளவற்றை முதல் தரம் என்றும், கண்ணுக்கு எட்டும் எல்லையில் உள்ளவற்றை ஆறாம் தரம் என்றும் வகுத்தார்கள். எண் சிறிதானால் ஒளி பெரிது. இந்தத் தரத்தை ‘பொலிவெண்’ என்போம். இதற்குத் திட்டமான கணிதம் தந்தவர் நார்மன் போக்சன். ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காக வேண்டும். எனவே ஒவ்வொரு படிக்கும் 2.512 மடங்கு என்று 1856இல் அவர் வகுத்தார். கூட்டுவட்டிபோலப் பெருகும் கணக்கு. வட்டி கணக்கிட்டுப் பழகிய நமக்கு இது புரிவதில் சிரமமில்லை. மீரா மூன்றாம் பொலிவெண்ணிலிருந்து ஒன்பதுக்கு இறங்கினால் அதன் ஒளி ஏறத்தாழ 250இல் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள்.

இந்தப் போக்சனுக்கும் நமக்கும் உறவு நெருக்கமானது. அவர் 1861இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்துக்குத் தலைமையேற்று, 1891இல் அங்கேயே காலமானார். அவருக்குக் கீழ் முதல் உதவியாளராகப் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் விண்மீன் ஒளிமாறுவது என்று கண்டவர் அவர். இந்தியர் ஒருவர் ஒளிமாறும் விண்மீனைக் கண்டறிந்ததாக ஏட்டில் ஏறிய முதல் நிகழ்ச்சி அதுவே. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதைப் பொதுமக்களுக்கு விளக்க நம் நாட்டு மொழிகளில் சிறுநூல் வெளியிட்டவரும் அவரே.

ஆனால் போக்சனும் ரகுநாதாச்சாரியும் அரசுச் சம்பளம் பெற்ற வானியலார். ஒளிமாறும் விண்மீன்களோ ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றையும் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்க்க எந்த வானாய்வகத்திலும் ஆளில்லை. 1882இல் ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநர் எட்வர்டு பிக்கரிங் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: ஆர்வலர்களே, பெண்களும் உட்பட, இந்தப் பணியில் எங்களுக்கு உதவுங்கள் என்று. 1911இல் வில்லியம் டைலர் ஆல்காட் என்னும் வழக்கறிஞர் முன்னின்று, ஒளிமாறும் விண்மீன் பார்வையாளர்களின் அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கினார். பேரில்தான் அமெரிக்கா, உறுப்பினர்கள் உலகெங்கும் சேர்ந்தார்கள். சேர்ந்தே ஆகவேண்டியிருந்தது. அமெரிக்காவில் பொழுது விடிந்த பிறகும் விண்மீன் மாறிக்கொண்டுதான் இருக்கும். அப்போது எங்கே இரவோ அங்கே ஒரு கண் விழித்திருக்க வேண்டும்.

அந்தக் கண்களுள் ஒன்று வங்காளத்தில் ஜெசோர் நகரில் விழித்திருந்தது.

ராதா கோவிந்த சந்திரா 1878இல் ஜெசோரை அடுத்த பாக்சர் என்னும் ஊரில் பிறந்தவர். பள்ளியிறுதியில் எழுதவேண்டிய நுழைவுத் தேர்வில் பலமுறை முயன்றும் தேறவில்லை. ஜெசோர் ஆட்சியர் அலுவலகத்தின் கருவூலத்தில் அவருக்கு வேலை கிடைத்தது: வரும் நாணயங்கள் நல்லவையா, கள்ளவையா என்று சோதிப்பது. வங்காளத்தில் இப்பணியாளரைப் ‘போத்தார்’ என்பார்கள். தமிழில் இதற்கு அழகான ஒரு சொல் இருந்தது: நோட்டக்காரர். நாணயத்தை நோட்டம் பார்ப்பவர். நம் வங்கிகளிலும் ‘ஷராப்’ என்ற பெயரில் அந்த மரபு நெடுநாள் தொடர்ந்தது. கையிலெடுத்த காசின் பளபளப்பில் ஓர் இழை குறைந்தாலும் கண்டுகொள்ளும் கண் அது.

பகலில் வெள்ளிக்காசின் பொலிவைப் பார்த்த அந்தக் கண்ணே இரவில் விண்மீனின் பொலிவைப் பார்த்தது. 1910இல் ஹாலி வால்மீன் வந்தபோது சந்திரா அதை ஒரு சிறிய இருகண் நோக்கியால் தொடர்ந்து பார்த்துக் குறிப்பெழுதினார். அதன்பின் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். 1918 ஜூன் மாதம் கழுகு விண்மீன் குழுவில், நம் திருவோண விண்மீன் இருக்கும் அதே பகுதியில், முன்பு இல்லாத ஓர் ஒளி தென்பட்டது. பல நாடுகளில் பலர் அதைத் தனித்தனியே கண்டார்கள். அவர்களுள் சந்திராவும் ஒருவர். அவர் அதை வெறும் கண்ணால் கண்டார். வானப்படம் மனப்பாடமாக இல்லாதவனுக்குப் புதியது புதியதென்று தெரியாது. அந்தச் செய்தியை ஹார்வர்டுக்கு எழுதினார். பிக்கரிங்கிடமிருந்து பதிலும் நூல்களும் விண்மீன் வரைபடங்களும் வந்தன. சங்கத்தில் உறுப்பினராகும் வழி அப்படித் திறந்தது.

1926இல் அந்தச் சங்கம் அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இரவலாக அனுப்பிவைத்தது. அது சார்லஸ் எல்மர் என்பவரிடமிருந்து சங்கத்துக்கு வந்தது. அவர் நியூயார்க்கில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். ஒரு சுருக்கெழுத்தாளரின் கருவி கடல் கடந்து ஒரு நோட்டக்காரரின் வீட்டுக்கு வந்ததை எண்ணிப்பாருங்கள். பிணையம் இல்லை, உத்தரவாதி இல்லை. மாதந்தோறும் தவறாமல் வந்த அவருடைய குறிப்புகளே பிணையம். 1919 முதல் 1954 வரை அவர் அனுப்பிய ஒளி மதிப்பீடுகள் 37,000க்கும் மேல். பிரான்ஸ் அரசு 1928இல் அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது.

இடையில் நாடு பிரிந்தது. ஜெசோர் கிழக்குப் பாகிஸ்தானாயிற்று. சந்திரா பின்னர் இந்தியப் பகுதிக்குக் குடிபெயர்ந்து, கொல்கத்தாவை அடுத்த பாராசாத்தில் 1975ஆம் ஆண்டு காலமானார். அவர் பெயர் இன்றும் நம்மில் பலருக்குத் தெரியாது. இதில் நமக்கு ஒரு சிறு வருத்தம் உண்டு. வங்கிப் பயிற்சிக் கல்லூரிகளில் நேர்மைக்கும் ஒழுங்குக்கும் எங்கெங்கிருந்தோ எடுத்துக்காட்டுகள் சொல்கிறார்கள்; இவரை ஒருவரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

அந்த ஆறு அங்குலத் தொலைநோக்கி என்னவாயிற்று? சந்திராவுக்கு முதுமை வந்தபின், நைனிதாலில் அப்போது பணியாற்றிய வேணு பாப்புவிடம் சங்கத்தின் விருப்பப்படி அது சேர்ந்தது. பொருத்தமான கைதான். சென்னையில் பிறந்த பாப்புவின் தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் உதவியாளர். மகனும் இளமையில் ஒளிமாறும் விண்மீன்களைப் பார்த்துக் குறிப்பெழுதியே வானியலுக்குள் வந்தவர். பின்னாளில் ஜவ்வாது மலையில் காவலூரில் அவர் நிறுவிய வானாய்வகத்துக்கு அந்தத் தொலைநோக்கியும் வந்து சேர்ந்தது. மாரிகுப்பத்தில் இரயிலேறி பங்காருப்பேட்டையில் மாறி, சோலையார்பேட்டை தாண்டி வாணியம்பாடியில் இறங்கினால், ஆலங்காயம் வழியே காவலூருக்குச் சாலை போகிறது. ஆசியாவின் பெருந்தொலைநோக்கிகளுள் ஒன்றாக 1986இல் அங்கு இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதே மலைக்கு ஜெசோர்க் கருவூலத்தின் கதையும் வந்திருக்கிறது என்பதை நாம் சேர்த்துச் சொல்கிறோம்.

இத்தனை பேர் பார்த்து எழுதுவதால் பயன் என்ன என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஒன்று சொல்கிறோம்.

1863 மே மாதம் சென்னையில் போக்சன், விருச்சிகத்தில் ஒரு விண்மீன் திடீரென ஒளிர்ந்து சில நாட்களில் மங்கி மறைந்ததைக் கண்டார். ‘யு ஸ்கார்ப்பி’ என்று அதற்குப் பெயர். ஒரு விண்மீனின் மேல் இன்னொன்றின் வாயு படிந்து படிந்து, ஓர் அளவு மீறியதும் வெடிக்கிறது. பத்தாண்டு, இருபதாண்டு இடைவெளியில் இது மீண்டும் நிகழ்கிறது. ஆனால் அடுத்த வெடிப்புகள் சில நிகழ்ந்தபோது யாரும் பார்க்கவில்லை. ஹார்வர்டின் பழைய ஒளிப்படத் தட்டுகளைப் பிற்காலத்தில் துழாவியபோதுதான் அவை அகப்பட்டன. வேறு சில வெடிப்புகள் தட்டிலும் விழாமல் போயிருக்கலாம். அவற்றை இனி எந்தச் செல்வத்தைக் கொடுத்தும் பார்க்க முடியாது. வங்கியில் விட்டுப்போன பதிவை வவுச்சரைத் தேடி மறுநாள் எழுதிவிடலாம். வானத்துக்கு வவுச்சர் இல்லை. 2010 ஜனவரியில் அது மீண்டும் வெடித்தபோது நிலைமை மாறியிருந்தது. வெடிப்பு நெருங்குகிறது என்று முன்கூட்டியே கணித்து வானியலார் கேட்டுக்கொண்டதால் ஆர்வலர்கள் நாள் தவறாமல் காத்திருந்தார்கள். புளோரிடாவில் இருவர் அதைக் கண்டு அறிவித்தனர். சில மணி நேரத்தில் விண்வெளியிலிருந்த தொலைநோக்கிகள் அதன் பக்கம் திரும்பின.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிக்கும் இவர்களிடம் வேலை இருந்தது. திடீரென ஒளிர்ந்தெழும் இயல்புள்ள விண்மீன்களை ஹப்பிளின் நுண்ணிய கருவி ஒன்று ஆராய வேண்டியிருந்தது. திருப்பும் வேளையில் விண்மீன் பொங்கியெழுந்தால் கருவி கெட்டுவிடும். எனவே திருப்புமுன், இப்போது அது அமைதியாக இருக்கிறதா என்று பல நாட்டு ஆர்வலர்கள் பார்த்துச் சொன்னார்கள். வீட்டு மொட்டைமாடியிலிருந்து வரும் சொல்லுக்காகக் கோடிக்கணக்கான டாலர் கருவி காத்திருந்தது.

இன்று அந்தச் சங்கத்தின் பேரேட்டில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்து இலட்சத்துக்கும் மேல் நியூசிலாந்தின் ஆல்பர்ட் ஜோன்ஸ் ஒருவருடையவை. மாவு ஆலையிலும் மளிகைக் கடையிலும் உழைத்தவர். மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. வானம் முழுவதையும் தாமே படமெடுக்கும் தொலைநோக்கிகளும் வந்துவிட்டன. ஆயினும் வெறும் கண்ணுக்கே தெரியும் பேரொளி விண்மீன்கள் அந்தக் கருவிகளுக்கு ஒளி மிகையானவை. அங்கே கண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். வானத்தை ஆராய்வதில் தங்கவயல் புதிதன்று. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில், விண்கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் நியூட்ரினோ துகள்களின் தடம் பதிவாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது பதிவாயிற்று. உலகில் முதன்முதலாக இந்த இரண்டிடங்களில்தான். வானத்துச் செய்தியைக் கேட்கப் பூமிக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய ஊர் இது. மேலே வந்து பார்க்கத்தான் நமக்கு நேரமில்லை.

2025 ஜனவரியில், தை அமாவாசைக்கு முந்திய இரவு, கிளையில் பணிபுரியும் நாங்கள் மூவரும் அந்தப் பெரியவரும் சயனைடு மண்மேட்டை அடுத்த வெட்டவெளியில் நின்றோம். தொலைநோக்கி இல்லை. பார்க்க எண்ணியது திருவாதிரை. ஒளிமாறும் விண்மீன்களில் எவரும் எளிதில் கண்டுகொள்ளக்கூடிய சிவப்பு விண்மீன் அது. 2019 இறுதியிலிருந்து அது வழக்கத்துக்கு மாறாக மங்கி, 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஒளிக்கு இறங்கியபோது உலகமே பேசியது. விண்மீன் தானே கக்கிய பொருள் தூசியாகிப் பார்வையை மறைத்ததென்று பின்னர் விளக்கினார்கள். அந்த இறக்கம் இறக்கமென்று தெரிந்ததே, அதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாகப் பலர் அதன் இயல்பான ஏற்றத்தாழ்வை எழுதிவைத்திருந்ததால்தான்.

முறை எளிது. ஒளி மாறாத இரண்டு விண்மீன்களைத் துணைகொள்ள வேண்டும்: ஒன்று கூடுதல் ஒளியுள்ளது, மற்றது குறைந்தது. புரோசியான் 0.4, ரோகிணி 0.9. இவற்றுக்கிடையில் திருவாதிரை எங்கே நிற்கிறது என்று பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட வேண்டும். முதலில் கால்மணி நேரமேனும் இருளில் நின்று கண்ணைப் பழக்க வேண்டும். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது மேலும் மேலும் ஒளிர்வதாகத் தோன்றும். ஆகவே சட்டென்று பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும். அன்று ரோகிணிக்கு அருகிலேயே வியாழன் கொழுந்துவிட்டு நின்றது. அது வேறு கண்ணைக் குழப்பியது.

எங்களுள் ஒருவர் 0.5 என்றார். காசாளர் 0.8 என்றார், மற்றவர் சொன்னதைக் கேட்டதும் “0.6 என்று போட்டுக்கொள்ளுங்கள்” என்று இறங்கிவந்தார். அதுதான் பிழை. எந்தத் தொழில்முறையிலும் இதைவிடப் பெரிய பிழை இல்லை. எண்ணிப் பார்த்த தொகையை விட்டு, இருக்கவேண்டும் என்று நினைத்த தொகையை எழுதுவது! நோட்டுக் கட்டில் ஒரு தாள் குறைந்தால் பதறும் நாம், வானத்தில் இதைக் கூச்சமின்றிச் செய்துவிட்டோம். சங்கத்தின் விதியோ இதுதான்: அண்டை மனிதரின் எண்ணையும் கேளாதே, நேற்று நீ எழுதியதையும் புரட்டிப் பாராதே, கண்டதை எழுது. ஒருவர் கூட்டியும் ஒருவர் குறைத்தும் மதிப்பிடலாம். அனைவரும் தத்தம் கண்ணுக்கு உண்மையாக இருந்தால் ஆயிரம் பேரின் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒத்துப்போவதற்காகத் திருத்திய எண் அப்படிக் கரையாது.

பெரியவர் எங்கள் எண்களைக் காதில் வாங்கவில்லை. நெடுநேரம் நிழலுருவாக நின்றிருந்துவிட்டு, “பெரிசுக்குக் கொஞ்சந்தான் குறைச்சல்” என்றார். புரோசியானையே பெரியது என்றார். அதை 0.5 என்று எழுதிக்கொண்டோம். காசாளரின் 0.8ஐயும் 0.8 என்றே எழுதினோம்.

தேதி எழுதும்போது ஒரு வியப்புக் கிடைத்தது. வானியலார் ‘ஜூலியன் நாள்’ என்றொரு தொடரெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை. உலக நேரப்படி நண்பகலில் பிறக்கிறது. நம் கடிகாரத்தில் அது மாலை ஐந்தரை மணி. எனவே நம் ஊரின் ஓர் இரவு முழுவதும் ஒரே நாளின் கணக்கில் விழுகிறது. நள்ளிரவில் ஏட்டை மூடித் திறக்கும் தொல்லை இல்லை. நாம் அன்றாடக் கணக்கை முடித்து எழும் நேரத்தில் அவர்களுக்குப் புதிய பக்கம் தொடங்குகிறது.

மார்ச் வரை வாரம் ஒருமுறை பார்த்தோம். ஆண்டு முடிவுக் கணக்கு வந்ததும் எங்கள் பக்கத்தில் வெற்றிடங்கள் விழத் தொடங்கின. பெரியவர் மட்டும் விடவில்லை. பேரனின் பழைய கணக்குக் குறிப்பேட்டில் கோடிட்டு எழுதி, கிளைக்கு வரும்போது காட்டிவிட்டுப் போகிறார்.

விடியல் இரயிலுக்கு நிற்பவர்களுக்கும் ஒன்று உண்டு. சுவாதி விண்மீனுக்குச் சற்றுத் தள்ளி, அரைவட்டமாக வளைந்த சிறு மகுடம் போன்ற குழு ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் உள்ள ‘டி கொரோனே பொரியாலிஸ்’ வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1866இலும் 1946இலும் அது வெடித்து, துருவ விண்மீன் அளவுக்கு ஒளிர்ந்து, சில நாட்களில் மங்கிற்று. அடுத்த வெடிப்பை எதிர்பார்த்து 2023 முதல் ஆர்வலர்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள்; நாங்கள் மண்மேட்டருகே நின்ற அந்த ஜனவரியிலும் அது வெடித்திருக்கவில்லை. தை மாதத்து விடியற்காலைகளில் மாரிகுப்பம் நடைமேடையில் நின்றால் அந்த மகுடம் கிழக்கு வானில் உயர்ந்து நிற்கும். ஏழு விண்மீன்கள் இருக்கும். எட்டாவதாக ஒன்று தெரிந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு இரயிலேறுங்கள்.